ஜிமிக்கிக்குப் போன ஃபோகஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

மாசி மாத முகூர்த்தம். வலங்கைமான் பக்கத்தில் ஒரு மண்டபம். கெட்டிமேளம் முழங்க மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். அந்தச் சில விநாடிகளில் எடுத்த 14 படங்களில் 11-இல் மணப்பெண்ணின் கண் மங்கல். ஆனால் காதில் தொங்கும் ஜிமிக்கியில் கல் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம்.

படம் எடுத்த தம்பி கும்பகோணத்தில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்து சேர்ந்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. கேமரா பையைத் திறக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, லென்ஸு போச்சுன்னு நினைக்கிறேன். செகண்ட் ஹேண்டுல வாங்குனது. வந்த விலைக்குத் தள்ளிட்டு வேற வாங்கிடட்டுமா?"

"இரு தம்பி. பாடியைக் கொண்டாந்திருக்கியா? ரெண்டும் சேர்ந்து செய்யிற வேலை இது. ஒண்ணை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது."

இந்த நிகழ்வை விரிவாக எழுதக் காரணம் உண்டு. டெல்டாவில் கல்யாணப் படம் எடுக்கும் பிள்ளைகளில் பலர், ஃபோகஸ் பிசகினால் உடனே லென்ஸை விற்கிறார்கள், அல்லது மெனுவில் ஒரு எண்ணைத் திருகுகிறார்கள். பிசகு கேமரா உடலான பாடியில் இருக்கிறதா, லென்ஸில் இருக்கிறதா, எடுத்த விதத்தில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இந்தத் தம்பியின் விஷயத்தில் இரண்டு காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருந்தன. லென்ஸ் அதில் சேர்த்தியே இல்லை.

கையில் வந்தவை

உள்ளே மிரர் கண்ணாடி வைத்த ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர். பாடி ஒன்று, 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். மெனுவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஃபோகஸ் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் பக்கம், அதாவது ஃபோகஸை ஒரு எண் வைத்துக் கொஞ்சம் முன்னோ பின்னோ தள்ளும் இடம். 'எல்லா லென்ஸுக்கும் ஒரே அளவு' என்பதைத் தேர்ந்து, முன்பக்கமாக 15 என்று வைத்திருந்தார். கல்யாணம் முடிந்த வாரத்தில் ஒரு வீடியோவைப் பார்த்துச் செய்தாராம். அதற்குப் பிறகு ஒரு வளைகாப்புக்கு 50 மி.மீ. லென்ஸோடு போயிருக்கிறார். வியூஃபைண்டரில் தெரியும் ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளியை வைத்து எடுத்தவை பரவாயில்லை. மேல் வரிசைப் புள்ளிகளில் எடுத்த படங்களில் மூக்கு நுனி கூர்மை, கண் மங்கல். பின்னால் போய்க்கொண்டிருந்த ஃபோகஸ் இப்போது முன்னால் வந்துவிட்டது என்று குழம்பிப்போய்த்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

இந்த 'நடுவில் சரி, மேலே பிசகு' என்ற ஒரு வரியைக் குறித்து வைத்துக்கொண்டேன். கடைசியில் வழிகாட்டியது அதுதான்.

ஷட்டரைப் பாதி அழுத்தும்போது நடப்பது

சாரங்கபாணி கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி விரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். இடக்கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலக்கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமும் தாவும். தாவும் தூரத்தை வைத்து விரல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று சொல்லலாம். டி.எஸ்.எல்.ஆரின் ஃபேஸ் டிடெக்ஷனும் இந்த வழியில்தான் அளக்கிறது. லென்ஸின் ஒரு ஓரத்தின் வழியே வரும் ஒளியையும் எதிர் ஓரத்தின் வழியே வரும் ஒளியையும் பிரித்து, இரண்டு சிறு உருவங்களாக ஒரு சென்சார் மேல் விழவைக்கிறது. ஃபோகஸ் சரியாக இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட இடைவெளி இருக்கும். இடைவெளி குறைந்தால் ஃபோகஸ் ஒரு பக்கம் பிசகு, கூடினால் மறுபக்கம். எந்தத் திசையில், எவ்வளவு என்பது ஒரே அளவையில் தெரிந்துவிடுகிறது. படச் சென்சாரில் கான்ட்ராஸ்ட்டைப் பார்த்து ஃபோகஸ் பிடிக்கும் முறைக்கு இந்தத் திசையறிவு கிடையாது. முன்னும் பின்னும் நகர்த்தி, உச்சத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்துதான் நிற்க வேண்டும்.

அளந்தது பாடி. நகர வேண்டியது லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி. அதனால் இரண்டும் பேசியாக வேண்டும். லென்ஸை மாட்டும் வளையமான மவுண்டில் வரிசையாகத் தெரியும் பொன்னிறப் புள்ளிகள் அதற்குத்தான். லென்ஸ் தன் அடையாளம், குவியத் தூரம் (85, 50 என்ற மி.மீ. எண்), பெரும அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), எவ்வளவு நகர்ந்தால் ஃபோகஸ் எவ்வளவு மாறும் என்ற கணக்கு ஆகியவற்றைச் சொல்கிறது. பாடி அதை வைத்து, இந்தத் திசையில் இத்தனை படி நகரு என்கிறது. லென்ஸ் மோட்டாரைச் சுழற்றி, எண்ணிப் பார்த்து, வந்துவிட்டேன் என்கிறது.

இந்தப் பேச்சில் பலருக்குத் தெரியாத ஒரு வரி உண்டு. பெரும்பாலான ஃபோகஸ் புள்ளிகள் எஃப்/5.6 அளவு வட்டத்துக்குள் வரும் ஒளியை மட்டுமே பார்க்கின்றன. நாம் படம் எடுப்பதோ எஃப்/1.8-இல். லென்ஸின் விளிம்புக் கண்ணாடி வழியே வரும் ஒளி, நடுப்பகுதி ஒளி குவியும் அதே இடத்தில் அச்சு அசலாகக் குவியாது. ஆகவே, 'நீ அளந்ததோடு இவ்வளவைக் கூட்டிக்கொள்' என்று லென்ஸ் தன் சிப்பிலிருந்து ஒரு திருத்தத்தைக் கொடுக்க வேண்டும். அந்த எண் தவறாக இருந்தால், கண்ணாடியும் மோட்டாரும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஃபோகஸ் பிசகும். பாடி தயாரித்தவர் அல்லாத வேறு நிறுவனத்தின் லென்ஸைப் போடும்போது இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்பதும் எல்லா லென்ஸிலும் ஒன்றல்ல. 1985-இல் வந்த மினோல்டா 7000-இல் மோட்டார் பாடிக்குள் இருந்தது. மவுண்டில் ஒரு சிறு திருகு சுழன்று லென்ஸை ஓட்டியது. 1987-இல் கேனான் ஈ.ஓ.எஸ். வரிசை, மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்து, மவுண்டில் மின் இணைப்பை மட்டும் விட்டது. நிக்கான் 1959-இன் எஃப் மவுண்டைக் கைவிடாமல் முதலில் திருகையும் பிறகு லென்ஸ் மோட்டாரையும் அதற்குள் கொண்டுவந்தது. 2006-இல் வந்த டி40 பாடியில் மோட்டார் இல்லை. அதனால்தான் அப்பாவின் பழைய 50 மி.மீ. டி வகை லென்ஸைத் தொடக்கநிலை பாடியில் மாட்டிவிட்டு, ஃபோகஸ் ஆகவில்லை, பழுது பாருங்கள் என்று வருகிறார்கள். அது பழுதல்ல. அந்தப் பாடியில் அதைச் சுழற்ற ஆள் இல்லை, அவ்வளவுதான். கையால் திருகிப் படம் எடுக்கலாம், நல்ல லென்ஸ்.

மேசையில் அளந்தது

முதல் வேலையாக அந்த 15-ஐ பூஜ்யமாக்கினேன். பிறகு மவுண்டின் தொடுபுள்ளிகளைப் பார்த்தேன். லேசாகக் கறுத்திருந்தன. ஹோமப் புகை, நெய்ப் பிசுக்கு, நம் ஊர் ஈரக்காற்று மூன்றும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்டுத் துணியால் துடைத்தேன். ரப்பரோ உப்புத்தாளோ போட்டுத் தேய்க்கவே கூடாது, மேல்பூச்சு போய்விடும். துடைத்ததும் இடையிடையே ஃபோகஸ் தேடி அலைவது நின்றது. பின்னால் விழுவது நிற்கவில்லை.

அடுத்தது அளவு. மேசையில் ஓர் அட்டையை நிமிர்த்தி நிறுத்தி, செய்தித்தாளின் கொட்டை எழுத்துத் தலைப்பை ஒட்டினேன். பக்கத்தில் ஓர் இஞ்சுப் பட்டையைச் சாய்வாக, அட்டையின் நேர்க்கோட்டில் பூஜ்யம் வரும்படி வைத்தேன். கேமரா முக்காலியில். தூரம், குவியத் தூரத்தைப் போல 25 மடங்கு: 85-க்கு ஏறத்தாழ 2.1 மீட்டர், 50-க்கு 1.25 மீட்டர். ஒவ்வொரு முறையும் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, ஒரு தடவை கிட்டேயிருந்தும் மறு தடவை எட்டத்திலிருந்தும் பிடிக்கவைத்து, பத்துப் பத்துப் படம் எடுத்தேன். ஒரே படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நல்ல பாடியிலும் படத்துக்குப் படம் ஒரு செ.மீ. முன்பின் வரும்.

தம்பியின் பாடியில், வியூஃபைண்டர் வழியே நடுப்புள்ளியில் 85 சராசரியாக 3.3 செ.மீ. பின்னால் விழுந்தது. 50 மி.மீ. 3.5 செ.மீ. பின்னால். அதே பாடியில் லைவ் வியூ போட்டு, அதாவது மிரரைத் தூக்கிவிட்டுப் படச் சென்சாரிலேயே ஃபோகஸ் பிடித்து எடுத்தால், இரண்டு லென்ஸும் பூஜ்யத்தில் நின்றன.

லைவ் வியூவில் சரியாக வந்ததால், லென்ஸின் கண்ணாடியும் மோட்டாரும் படச் சென்சாரும் ஒழுங்கு என்று தெரிந்தது. ஆனால் லென்ஸ் கொடுக்கும் அந்தத் திருத்த எண் இன்னும் சந்தேகத்தில்தான் இருந்தது, ஏனென்றால் அது வியூஃபைண்டர் வழியே பிடிக்கும் ஃபோகஸுக்கு மட்டுமே பயன்படுகிறது. அதற்காக என்னிடம் இருந்த இன்னொரு பாடியில் இரண்டு லென்ஸையும் மாட்டினேன். 85 அரை செ.மீ. பின்னால், 50 பூஜ்யத்தில். லென்ஸ் இரண்டும் குற்றமற்றவை.

தூரத்தை 25 மடங்கு என்று வைத்ததற்கு இங்கேதான் பலன். பாடிக்குள் ஒரே அளவு பிசகு இருந்தால், குவியத் தூரத்தின் ஒரே மடங்கில் நிற்கும் எல்லா லென்ஸிலும் அது ஏறக்குறைய ஒரே செ.மீ. பிசகாக வெளியே தெரியும். 3.3-ம் 3.5-ம் அதைத்தான் சொல்கின்றன. கணக்குப் போட்டால் பாடிக்குள் பிசகு சுமார் 0.06 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன்.

அந்த முடியளவு ஏன் இவ்வளவு படுத்துகிறது? லென்ஸ் மவுண்டிலிருந்து படச் சென்சாருக்கு உள்ள தூரம் கேனான் ஈ.எஃப். மவுண்டில் 44 மி.மீ., நிக்கான் எஃப்-இல் 46.5 மி.மீ. பாடிக்குள் இருக்கும் மிரர் கண்ணாடியில் பட்டு மேலே வியூஃபைண்டர் திரைக்குப் போகும் பாதையும், கீழே ஃபோகஸ் பகுதிக்குப் போகும் பாதையும் அதற்குச் சமமாக இருந்தாக வேண்டும். பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கை உள்ளே விடும். அதன் முதுகில் மடிந்து நிற்கும் சிறு கண்ணாடி, சப் மிரர், அந்த ஒளியைக் கேமராவின் அடித்தளத்தில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குத் திருப்புகிறது. ஒவ்வொரு படத்துக்கும் இந்த இரண்டு கண்ணாடியும் மேலே போய், திரும்பி வந்து, அதே இடத்தில் உட்கார வேண்டும். எஃப்/1.8-இல் பாடிக்குள் பிசகுக்குக் கிடைக்கும் சலுகை இரண்டு பக்கமும் 0.05 மி.மீ. சொச்சம்தான்.

சுணை

வளைகாப்புப் படங்களை நினைத்துக்கொண்டு, மேல் வரிசைப் புள்ளியிலும் கீழ் வரிசைப் புள்ளியிலும் தனித்தனியாக அளந்தேன். மேலே அரை செ.மீ. பின்னால். நடுவில் 3.3. கீழே 6. சரிவாக ஏறிய எண்கள். பாதை மட்டும் நீண்டிருந்தால் எல்லாப் புள்ளியிலும் ஒரே பிசகு வரும். இப்படிச் சரிந்தால் ஏதோ ஒன்று சாய்ந்து நிற்கிறது என்று பொருள். தம்பி முன்பக்கமாக 15 வைத்தபோது நடு சரியானது, மேல் வரிசை கண்ணைத் தாண்டி மூக்குக்கு வந்தது. ஒரே எண் எல்லாப் புள்ளிக்கும் போகும். சாய்வை அதனால் நிமிர்த்த முடியாது.

கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்தும் சுத்திகரிப்பு முறையைப் போட்டு, லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். சப் மிரர் இறங்கி வந்து சாயும் சிறு முளை ஒன்று பக்கச் சுவரில் உண்டு. அதன் மேல் மஞ்சளாக ஒரு பொருக்கு. ஊசி முனையால் தொட்டதும் தூளாக உதிர்ந்தது. உற்றுப் பார்த்ததில் மெல்லிய முள் போன்ற நார்கள்.

"தம்பி, அறுப்பு நேரத்துல வயல்ல படம் எடுத்தியா?"

"ஆமாண்ணே. தை கடைசியில எங்க சம்பா அறுப்பு. அறுவடை மெஷினு ஓடுறப்ப வீடியோ எடுத்தேன்."

"லென்ஸை அங்கேயே மாத்துனியா?"

கொஞ்சம் நேரம் யோசித்தார். "வரப்புல நின்னுதான் மாத்துனேண்ணே."

நெல் சுணை. களத்தில் நின்றவர்களுக்கு அது கழுத்தில் என்ன செய்யும் என்று தெரியும். அதே சுணை திறந்த மவுண்டுக்குள் புகுந்து, முளையில் இருந்த பழைய எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி, கண்ணாடி ஆயிரக்கணக்கான முறை வந்து அறைந்ததில் பொருக்காகக் கெட்டிப்பட்டிருக்கிறது. சப் மிரர் அந்தப் பொருக்கின் மேல் சாய்ந்து, போக வேண்டிய இடத்துக்கு முடியளவு முன்பே நின்றுவிட்டது.

ஆல்கஹால் தொட்ட மெல்லிய குச்சிப் பஞ்சால் துடைத்தேன். ஊதுபந்தால் ஊதினேன். எந்தத் திருகையும் தொடவில்லை. சில பாடிகளில் அந்த முளையையே அறுகோணச் சாவியால் (ஆலன் கீ) திருப்பி அளவு மாற்றலாம். அதை எடுத்தவுடன் திருப்புகிறவர்கள் உண்டு. அழுக்கு இருக்கும்போது திருப்பினால், அழுக்கு உதிர்ந்த அன்று கேமரா எதிர்ப்பக்கம் பிசகும். சர்வீஸ் அளவுகோல் இல்லாமல் யாரும் அதில் கைவைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மறுபடி பத்துப் பத்துப் படம். 85 நடுப்புள்ளியில் 0.6 செ.மீ. பின்னால், மேலும் கீழும் அதையொட்டியே. 50 பூஜ்யம். 85-க்கு மட்டும் தனியாக, முன்பக்கமாக 2 என்று மைக்ரோ அட்ஜஸ்ட்மென்டில் பதிந்தேன். 2007 வாக்கில் உயர்நிலை பாடிகளில் வர ஆரம்பித்த இந்த வசதி இப்படிச் சின்னச் சின்னப் பொருத்தத்துக்குத்தான்: இந்தப் பாடி, இந்த லென்ஸ், இவ்வளவு.

மீதி இரண்டு செ.மீ.

ஆனால் எனக்கு ஒரு கணக்கு இடித்தது. மேசையில் பிசகு 3.3 செ.மீ. கண்ணுக்கும் ஜிமிக்கிக்கும் உள்ள தூரம், அந்த முகச்சாய்வில், 5 செ.மீ.க்குக் குறையாது. மீதி எங்கிருந்து வந்தது?

தாலி கட்டும் படங்களைத் தம்பியின் மடிக்கணினியில் திறந்து, எந்தப் புள்ளியில் ஃபோகஸ் பிடித்தார் என்று கேமரா எழுதிவைத்த தகவலைப் பார்த்தோம். எல்லாமே நடுப்புள்ளி. ஆனால் பெண்ணின் கண் படத்தில் மேல்பாதியில் இருக்கிறது. கண்ணில் ஃபோகஸ் பிடித்து, ஷட்டரைப் பாதியில் நிறுத்தி, தாலியும் மாலையும் வருமாறு கேமராவைக் கீழே சாய்த்து எடுத்திருக்கிறார்.

ஃபோகஸ் ஒரு புள்ளியில் நிற்பதில்லை, கேமராவுக்கு நேர் எதிரே ஒரு சுவர் போல நிற்கிறது. கேமராவைச் சாய்த்தால் சுவரும் சாயும். 2 மீட்டர் தூரத்தில் 8 பாகை சாய்த்தால், கண் அந்தச் சுவருக்கு ஏறத்தாழ 2 செ.மீ. முன்னால் வந்துவிடும். அதாவது ஃபோகஸ் 2 செ.மீ. பின்னால். அந்தத் தூரத்தில் 85 மி.மீ. எஃப்/1.8-க்குக் கூர்மையின் ஆழம் மொத்தமே 6 செ.மீ., கண்ணுக்குப் பின்பக்கம் சுமார் 3. பாடி மூன்றைத் தின்றுவிட்டது, சாய்த்தது இன்னும் இரண்டு. சரியாக வந்த மூன்று படங்களும் பெண் தலையைப் பின்னுக்கு இழுத்த நொடியில் விழுந்தவை.

"ஓரப் புள்ளியை ஏன் எடுக்கலை?"

"மண்டபத்துல புகையா இருந்துச்சுண்ணே. ஓரத்துல ஃபோகஸே பிடிக்கலை, தேடிக்கிட்டே இருந்துச்சு. நடுப்புள்ளிதான் டக்குன்னு நிக்கும்."

அவர் சொன்னது நியாயம். அவருடைய பாடியில் நடுப்புள்ளி மட்டும் குறுக்கும் நெடுக்கும் இரண்டு திசையிலும் கோடுகளைப் பார்க்கும். ஓரத்தில் உள்ளவை ஒரு திசையில் மட்டும். ஹோமப் புகை கான்ட்ராஸ்ட்டைக் குறைத்துவிட்டால், ஒரு திசைப் புள்ளிக்குப் பிடிக்க எதுவும் கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் நான் சொன்ன வழி: தாலி கட்டும் நேரத்துக்கு எஃப்/2.8, நடுவுக்குப் பக்கத்திலேயே உள்ள புள்ளி, கொஞ்சம் அகலமாக எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது. எஃப்/2.8-இல் ஆழம் 9 செ.மீ.யைத் தாண்டும். பின்னணி கரைவது குறையும்தான். அந்தப் படத்தில் பெண்ணின் கண்தான் வேண்டும், பின்னணி அல்ல.

கிளம்பும்போது கேட்டார், "மிரர்லெஸ்ஸுக்கு மாறிட்டா இந்தத் தொல்லையே இருக்காதாண்ணே?"

மிரர்லெஸ் என்றால் மிரர் கண்ணாடியே இல்லாத கேமரா; இந்த வகைத் தொல்லை இருக்காது என்றேன். 2013-இல் கேனான் 70டி-யில் வந்த டூயல் பிக்சல் போல, படச் சென்சாரே ஃபேஸ் பார்த்துவிட்டால் சப் மிரரும் தனிப் பாதையும் தேவையில்லை. அளக்கும் இடமும் படம் விழும் இடமும் ஒன்று. கண்ணை அதுவே தேடிப் பிடிப்பதால், படத்தின் ஓரத்திலும் புள்ளி கிடைக்கும், சாய்க்க வேண்டிய அவசியமும் குறையும். ஆனால் மவுண்டின் தொடுபுள்ளிகள் வழியே நடக்கும் பேச்சு அங்கேயும் அதேதான். அடாப்டர் போட்டுப் பழைய லென்ஸை மாட்டினால் அந்தப் பேச்சில் இன்னொரு ஆள் நடுவே நிற்கிறார். வரப்பில் நின்று லென்ஸை மாற்றினால், அங்கே சுணை நேராகச் சென்சார் மேலேயே விழும்.

வைகாசியில் சுவாமிமலையில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு, அதே பாடியோடும் 85-ஓடும் வந்தார். இஞ்சுப் பட்டையை மறுபடி விரித்து அளந்தோம். மேல், நடு, கீழ் மூன்றும் அரை செ.மீ.க்குள். மெனுவில் 2 அப்படியே இருந்தது. வலங்கைமான் வீட்டாருக்குக் கொடுத்த ஆல்பத்தில், அந்தச் சரியான மூன்று படங்களில் ஒன்றை முழுப் பக்கத்துக்கு வைத்திருந்தார்.